அல்சீத் கரோன் மிதிக்காமல் விட்ட இடம்

நதி உறைந்து கிடக்கும் ஊர்களில் செத்தவர்களுக்கு அவசரம் கிடையாது. கியூபெக்கின் வடகரையில், காகித ஆலையின் புகைக்குக் கீழே குந்தியிருக்கும் சேன்-பெலாஜியில் நவம்பரில் மண் இறுகிவிட்டால் மே மாதம்வரை கடப்பாரை இறங்காது. அதனால் குளிர்காலத்தில் இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்து மூலையிலுள்ள கல்வீட்டில், பைன் பலகைகளின் மேல், பெட்டியோடு வரிசையாகக் கிடத்திவிட்டு, பனி உருகட்டும் என்று உயிரோடிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்படித்தான் ஜனவரியில் பாடகன் அல்சீத் கரோனையும் கிடத்தினார்கள். அப்படிக் கிடத்திய வாரம் முடிவதற்குள் அவன் உள்ளேயிருந்து காலால் தாளம் போட ஆரம்பித்தான்.

முதலில் கேட்டவர் வெட்டியான் ஓவீத். கல்வீட்டின் கூரையில் சேர்ந்த பனியைத் தள்ளப் போனவர், பெட்டிக்குள் குதிகாலும் முன்காலும் மாறி மாறிப் பலகையைத் தட்டுவதைக் கேட்டார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, மீதிக் கூரையையும் தள்ளி முடித்து, வீட்டுக்குப் போய்ப் பட்டாணி சூப் குடித்துவிட்டு, பாதிரியாரிடம் போய்ச் சொன்னார்.

"அல்சீத் இன்னும் நிறுத்தலை, ஃபாதர்."

"அவன் எப்பவுமே நேரத்துக்கு நிறுத்தினதில்லையே," என்றார் பாதிரியார். "கல்யாண வீட்டுல அவனை நாற்காலியோட தூக்கி வெளிய வெச்சவன் நான்."

அந்த நாட்டுக் கிராமியப் பாடகர்கள் நின்றுகொண்டு பாடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே ஒரு பலகையைப் போட்டு, தோல் அடிவைத்த காலணியால் இரண்டு கால்களும் குதிரை ஓடுவது போல் தாளம் போட, மேலே குரல் தன் பாட்டுக்குப் போகும். அல்சீத்தின் கால்கள் மொன்றியால்வரை பேர் வாங்கியவை. காலணியோடு புதைக்க வேண்டும் என்று சாகும்போது கேட்டுக்கொண்டிருந்தான், அப்படியே மாட்டிவிட்டார்கள். காலணியை மாட்டிவிட்டுக் காலைச் சும்மா இரு என்றால் இருக்குமா என்று ஊரார் பேசிக்கொண்டார்கள், அதோடு ஆச்சரியம் முடிந்துபோயிற்று.

பிறகு அந்தத் தாளம் ஊருக்குள் இறங்கியது. பெண்கள் அதற்கேற்பப் பாத்திரம் துலக்கினார்கள், ஆண்கள் அதற்கேற்ப விறகு பிளந்தார்கள், இரண்டாவது ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் அதற்கேற்ப நடந்ததால் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் வீடு சேர்ந்தார்கள், தூக்கம் வராத குழந்தைகளைக் கல்வீட்டு வாசல்வரை தூக்கிப்போய் மடியில் போட்டுத் தூங்கவைத்தார்கள். வானொலிக்காரர்கள் வந்தார்கள். தலைநகரிலிருந்து பேருந்துகள் வந்தன. கல்வீட்டுக்கு எதிரில் பனியைச் செதுக்கி ஆடுகளம் போட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் ஜோடி ஜோடியாக ஆடினார்கள். ஆடிய பாட்டு எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, அல்சீத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு, அந்த மாகாணத்தில் அது பாடப்படாத கல்யாணம் கிடையாது, பால் டப்பாவில்கூட அச்சடித்திருந்தார்கள்:

*பனி விழுந்து கிடக்குது, பாதை மறைஞ்சு கிடக்குது,*
*நீ வருவாய் என்று நானும் நிக்கிறேன் பார்.*

ஒரே ஒரு இடைஞ்சல். செத்த அல்சீத்தின் தாளத்தில் ஒரு பள்ளம் இருந்தது. இரண்டாவது வரி முடிகிற இடத்தில் கால்கள் இரண்டும் சட்டென்று தூக்கிக்கொள்ளும். ஒரு மிதி விழ வேண்டிய இடம் காலியாக நிற்கும். பிறகு தாளம் மறுபடி தொடங்கும். ரெக்கார்டில் அந்தப் பள்ளம் கிடையாது. ஆடுகிறவர்கள் சரியாக அங்கே கால் தடுக்கி விழுந்தார்கள். ரொட்டிக் கடைக்காரருக்குக் கணுக்கால் பிசகியது. கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி அந்த இடத்தில் முட்டிக்கொண்டு, நீதான் இடித்தாய் என்று ஆரம்பித்த சண்டை நிச்சயத்தையே முறித்துவிட்டது.

"களைச்சுப்போறான். வயசாச்சில்ல, மூச்சு வாங்க நிறுத்துறான்," என்றார் மேயர் கஸ்தோங்கே.

"செத்தவனுக்கு எதுக்கு மூச்சு?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது தெலிமாவின் குரல் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் குரலுக்குத் திரும்பாமல் இருக்க அந்த ஊர் பல வருடம் பழகியிருந்தது.

தெலிமா பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். துண்டறிக்கையில் படித்ததுதான் மிச்சம். மேலாளர்கள் ஆங்கிலத்தில் திட்ட, தொழிலாளர்கள் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆலையின் தாள் பிரிக்கும் பகுதியில் வேலை பார்த்தவள் அவள். ஆலை செய்த தாளிலேயே ஆலைக்கு எதிராக அச்சடித்து, அதை ரொட்டிக்குள் மடித்து ஆலைக் கேட்டுக்குள் கொண்டுபோனவள். அவளுடைய தம்பி எவாரிஸ்த் கொதிகலனில் வேலை பார்த்தான். அந்தக் காலத்தில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின்போது, மூக்கு விட்ட மூச்சு மீசையில் உறையும் குளிரில், கருங்காலிகளின் லாரியை உள்ளே விட வழி செய்வதற்காக ஆலையின் காவலாட்கள் தீயணைப்புக் குழாயைக் கேட்டில் நின்றவர்கள்மேல் திருப்பினார்கள். எல்லாரும் ஓடினார்கள். தெலிமாவும் ஓடினாள். எவாரிஸ்த் மட்டும் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் அவன்மேல் விழுந்து விழுந்து கோட்டு கண்ணாடியாகி, கை கம்பியோடு ஒட்டிப்போய், லாரி திரும்பிப் போகும்வரை நின்றான். வார முடிவில் செத்தான். ஆலை மருத்துவர் நெஞ்சுச் சளி என்று எழுதினார்.

அடுத்த வாயிற்கூட்டத்துக்கு, அப்போது வெறும் எந்திர உதவியாளாக இருந்த அல்சீத், தோளில் ஒரு சமையலறை நாற்காலியும் கக்கத்தில் ஒரு பலகையுமாக வந்தான். கேட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தான். காலால் தாளத்தை ஓடவிட்டுப் பாடினான்:

*வாயில் மூடிக் கிடக்குது, வயிறு எரிஞ்சு கிடக்குது,*
*தண்ணி பட்டு ஒருத்தன் மட்டும் நிக்கிறான் பார்.*

பாடியதும் இரண்டு காலையும் தூக்கினான். தூக்கியபடியே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "இந்த இடத்துல நான் மிதிக்க மாட்டேன். இது எவாரிஸ்த்தோட இடம். நீங்க மிதிங்க."

மிதித்தார்கள். ஓடியவர்கள் அத்தனை பேரும், ஓடிய காலாலேயே, உறைந்த தரையில் ஒரே ஒரு மிதி மிதித்து அவன் பேரைச் சொன்னார்கள். ஆலைக்குள் விளக்கு ஆடியது என்று சொல்வார்கள். வேலைநிறுத்தம் பாதி வென்றது, பாதி தோற்றது, எல்லா வேலைநிறுத்தத்தையும் போல. பாட்டு முழுசாக வென்றது. அதை ரெக்கார்டுக் கம்பெனி மொன்றியாலுக்குக் கூப்பிட்டது. போன பாட்டு திரும்பி வரும்போது தண்ணீர் பனியாகியிருந்தது, எவாரிஸ்த் காதலனாகியிருந்தான், நடுவிலிருந்த பள்ளத்தைத் தூர்த்து மட்டமாக்கியிருந்தார்கள். கேட்டவர்கள் அழுதார்கள். வாங்கியவர்கள் ஆடினார்கள். சில வருடம் கழித்து ஆலையின் பொன்விழாவில், முதலாளியின் மனைவி கேட்டுக்கொண்டாள் என்று, அல்சீத் அதே பாட்டை அதே கேட்டுக்கு உள்பக்கம் உட்கார்ந்து பாடினான். அன்றோடு தெலிமா அவனிடம் பேசுவதை விட்டாள்.

அவன் விடவில்லை. புதுவருடத்தன்று வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. வருடா வருடம் அவள் வாசலுக்கும் வந்தான். கதவுக்கு வெளியே பலகையில் நின்று, எல்லாரும் செய்வது போல் காலணியின் பனியை உதறத் தட்டுவான். தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பான். அவள் உள்ளே அடுப்பருகில் உட்கார்ந்து, போகட்டும் என்று இருப்பாள். போய்விடுவான். கடைசியாக அவன் வந்துபோனது அந்த ஜனவரியில்.

இப்போது கல்வீட்டிலிருந்து அந்தத் தாளம் அவள் சமையலறைவரை வந்தது, பள்ளத்தோடு வந்தது. உயிரோடிருந்தவன் அடைத்ததைச் செத்தவன் தோண்டி வைத்திருக்கிறான், திரும்பத் திரும்ப அந்த இடத்தில் காலைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறான் என்று அவளுக்கு முதல் நாளே புரிந்தது. புரிந்தும் மிதிக்கவில்லை. காத்திருக்கட்டும், நான் காத்திருந்ததற்கு இது ஒன்றுமே இல்லை என்று நினைத்தாள். அதைவிட அவளுக்கு எரிச்சலூட்டியது வேறு. வாயிற்கூட்டத்தில் நின்ற கிழவர்கள் இன்னும் ஊரில் இருந்தார்கள். அவர்கள் கால்களுக்கும் அந்த இடம் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மளிகைக் கடையில் ரொசாரியோவைப் பிடித்தாள். சங்கத்தில் அவளோடு கொடி பிடித்தவன், இப்போது ஆலையின் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவன்.

"கேட்டியா?"

"எதை?"

"பள்ளத்தை."

"எனக்குக் காது மந்தம், தெலிமா."

"கடைக்காரன் விலை சொன்னா மட்டும் கேக்குது."

"அது பக்கத்துல சொல்றாங்க."

"அல்சீத்தும் பக்கத்துலதான் சொல்றான். நீ எத்தனை சத்தமா மிதிச்ச அன்னிக்கு, ஞாபகம் இருக்கா? உன் காலணி அடி கழண்டு போச்சு."

ரொசாரியோ உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான், எல்லாமே அழுகல் போல. "என் பேரன் ஆலையில இருக்கான்," என்றான் கடைசியில். "மருமகளும் இருக்கா. நீ தனி ஆளு. உனக்குக் கோபப்படக் கட்டுப்படியாகும்."

"கோபத்துக்கு என்னடா தனி ஆள், குடும்ப ஆள்?"

"நீ ஏன் மிதிக்கலை, அதைச் சொல்லு முதல்ல."

அவள் வாங்க வந்த உப்பை வாங்காமலே போனாள்.

ஏப்ரலில் மேயர் அவள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மதாம், மதாம் என்று பேசினார். அல்சீத்தைப் புதைக்கப் போவதில்லை என்றார். ஆலை நிர்வாகம் பெரிய மனது பண்ணிக் கல்வீட்டைச் சுற்றிக் கண்ணாடி மண்டபம் கட்டித் தருகிறது. உள்ளே வெப்பம் வைத்து வருடம் முழுக்க ஆடலாம். பேருந்து நிற்க இடம், தின்பண்டக் கடை, எல்லாம் உண்டு. ஊரில் வேலை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், மதாமுக்கே தெரியும்.

"தெரியும்," என்றாள் தெலிமா. "வேலையை விட்டு அனுப்பினது யாருன்னும் தெரியும்."

மேயர் அதைக் கேட்காதது போல் மேலே போனார். "இன்னொண்ணு. அந்த மூச்சு வாங்குற இடம் இருக்கே, அதுக்கும் வழி பண்ணியாச்சு. ஆலையோட இன்ஜினியர் ஒரு சுத்தியல் செஞ்சிருக்கார். கரண்டுல ஓடும். அல்சீத் காலைத் தூக்குற நேரம் பாத்து, இது பலகையில ஒரு தட்டு தட்டும். இனிமே யாரும் தடுக்கி விழ மாட்டாங்க. ரெக்கார்டுல இருக்குற மாதிரியே இருக்கும்."

"ஆலையோட சுத்தியலா?"

"ஆமா, மதாம். இலவசமா."

குழாயை எவாரிஸ்த்மேல் திருப்பியவர்கள், சளி என்று எழுதியவர்கள், கடைசியில் அவனுக்கென்று மிச்சமிருந்த ஒரு மிதி அகல இடத்திலும் தங்கள் சுத்தியலை இறக்கப் போகிறார்கள். இறக்கிவிட்டால் அந்தச் சுத்தியல் அவள் செத்த பிறகும், ரொசாரியோ செத்த பிறகும் தட்டிக்கொண்டே இருக்கும், அங்கே ஒரு காலி இடம் இருந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. அல்சீத்மேல் இருந்த கோபத்தை அவள் அப்போதும் விடவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்காக அவள் மூடி வைத்திருந்த கதவுக்கு வெளியே தம்பியையும் சேர்த்து நிற்க வைத்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தொடக்க விழாவுல மேடையில உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கோம்," என்றார் மேயர். "பழைய சிநேகிதி இல்லையா."

"மேடை மரமா, சிமெண்டா?"

"நல்ல பைன் பலகை, மதாம். ஆலையே கொடுத்தது."

"அப்ப வர்றேன்," என்றாள் தெலிமா.

நதி உடைகிற வாரத்தில் விழா வைத்தார்கள். பனிக்கட்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கடலுக்குப் போகும் சத்தம் ஒரு பக்கம், பித்தளை வாத்தியம் ஒரு பக்கம், கல்வீட்டுக்குள் அல்சீத் ஒரு பக்கம். சேறும் வெயிலுமாகக் கிடந்த தோட்டத்தில் ஊரே நின்றது. மேடையில் மேயர், பாதிரியார், ஆலையின் மேலாளர், ரெக்கார்டுக் கம்பெனியின் ஆள் ஒருவர், ஓரத்தில் தெலிமா. ரொசாரியோவையும் பழைய தொழிலாளி என்று மார்பில் பூக்குத்தி அவள் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கால் ரப்பர் பூட்ஸில் மெத்தென்று இருந்ததால் தெலிமா அதைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து குதிகால் வைத்த பழைய தோல் காலணியை எடுத்து மாட்டினாள்.

"என்ன பண்ற?" என்றான் ரொசாரியோ.

"ஈரம்."

"தெலிமா, வேண்டாம்."

"உனக்குத்தான் காது மந்தமாச்சே. பேசாம உக்காரு."

மேலாளர் நல்ல பிரெஞ்சில் பேசினார், அவர்கள் இப்போது பிரெஞ்சு படித்துக்கொண்டுதான் வருகிறார்கள். அல்சீத் நம்மை எல்லாம் ஒன்றாக்கினார் என்றார். பிறகு விசையைத் தட்டப் போனார். உள்ளே தாளம் ஓடிக்கொண்டிருந்தது; முதல் வரி முடிந்தது, இரண்டாவது வரி ஓடியது, கால்கள் தூக்கிக்கொண்டன. சுத்தியல் இன்னும் கிளம்பவில்லை. தெலிமா எழுந்து நின்று, ஆலை கொடுத்த பலகையில், ஒரு கிழவியின் காலில் எவ்வளவு பலம் மிச்சமோ அவ்வளவையும் வைத்து ஒரே ஒரு மிதி மிதித்தாள்.

"எவாரிஸ்த்," என்றாள்.

மேடை அதிர்ந்தது. மேயரின் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. கல்வீட்டுக்குள் தாளம், யாரோ தோளைத் தொட்டது போல் ஒரு கணம் தயங்கி, பிறகு முன்னைவிட வேகமாக, மொன்றியாலுக்குப் போவதற்கு முன்னிருந்த வேகத்தில் ஓடிவந்தது. அடுத்த பள்ளத்தில் மறுபடி காலைத் தூக்கியது. தெலிமா மிதித்தாள். கூட்டத்தின் ஓரத்தில், மண்வெட்டியோடு நின்ற வெட்டியான் ஓவீத் அதைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். மூன்றாவது சுற்று வந்தபோது ரொசாரியோ தன் முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான், நெற்றியில் வேர்த்திருந்தது; பிடித்த கைகளையும் தூக்கிக்கொண்டு அந்தக் கால் எழும்பி விழுந்தது. கூட்டத்தில் இன்னும் சில கிழக் கால்கள், ஒன்று இங்கே, ஒன்று அங்கே, சேற்றில் சளக்கென்று விழுந்தன. பேரை மட்டும் தெலிமா ஒருத்திதான் சொன்னாள்.

அதோடு அல்சீத் நிறுத்திவிட்டான்.

நிறுத்தியது எல்லாருக்கும் கேட்டது. ஜனவரியிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் இருந்தவர்கள் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நதியின் சத்தம் மட்டும் மிச்சம். அந்த நேரம் பார்த்து ஆலையின் சுத்தியல் கிளம்பி, டொக் என்று தட்டியது. கொஞ்சம் விட்டு டொக். எதற்கு நடுவில் தட்டுகிறது என்று தெரியாமல் வெறும் பலகையில் தட்டிக்கொண்டேயிருந்தது. யாரோ போய் வயரைப் பிடுங்கினார்கள்.

மறுநாளே அல்சீத்தைப் புதைத்தார்கள். கண்ணாடி வந்த லாரி கண்ணாடியோடு திரும்பியது. பேருந்துகள் நின்றன. தின்பண்டக் கடை போட இருந்தவர்கள், மண்டபத்தில் வேலை கிடைக்கும் என்றிருந்தவர்கள், தாளத்துக்குத் தூங்கிப் பழகி இப்போது கத்தும் குழந்தைகளை வைத்திருந்தவர்கள், எல்லாரும் தெலிமாவைப் பார்த்தால் தெருவின் அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். நம்ம பாடகனை இன்னொரு தடவை கொன்றவள் என்று மளிகைக் கடையில் அவள் காதுபடவே சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போனது உண்மை, அவள் கையில் கொடுப்பதற்கு வேறு வேலை இல்லாததும் உண்மை. ஒரு துண்டறிக்கை எழுதிப் பார்த்தாள். அச்சடிக்க ஆளில்லை.

மறுபடி பனி விழுந்தது. ஊரார் வழக்கம்போல் வாசற்பலகையில் காலணியைத் தட்டிப் பனியை உதறிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். போகப் போக, தட்டி முடித்த பிறகும் உள்ளே நுழைய முடியாமல் ஒரு கணம் நின்றார்கள். நின்று, தாமதமாக, இன்னொரு மிதி மிதித்துவிட்டுப் போனார்கள். முதலில் சில வீடுகளில், பிறகு தெரு முழுக்க, பிறகு வங்கி வாசலில், கோவில் படியில், ஆலையின் அலுவலகப் படியில். மேலாளரும் மிதித்தார். குளிர் அதிகம் என்றார் மேயர், மிதித்துக்கொண்டே. ஏன் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. தெலிமா வீட்டுக்குள் உட்கார்ந்து, வாசல் வாசலாக அந்தப் பின்தங்கிய மிதி விழுவதைக் கேட்டாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பேரில்லாத மிதி வெறும் பழக்கம், நாளைக்கே அதையும் ஒரு நடனமாக்கிப் பால் டப்பாவில் அச்சடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

புதுவருடத்தன்று அவள் வாசற்பலகையில் யாரோ காலைத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டி முடிந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அந்த ஒற்றை மிதி.

அவள் எழுந்து கதவுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"யாரு?"

"நான்தான், ரொசாரியோ. வாழ்த்துச் சொல்ல வந்தேன்."

"இப்ப மிதிச்சியே, அது என்ன?"

"பனி ஒட்டியிருந்தது."

"பனியை முதல்லயே தட்டிட்ட. அதுக்கப்புறம் மிதிச்சது என்ன?"

வெளியே அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ போனார்கள்; போகிறவர்கள் தாண்டிப் போகும்வரை அவன் பேசாமல் இருந்தான்.

"குளிருது, தெலிமா."

"தெரியும். பேரைச் சொல்லு."

"கதவைத் திற, உள்ள வந்து சொல்றேன்."

"அங்க நின்னு சொல்லு. அவன் வெளியிலதான் நின்னான்."

ரொசாரியோ சொன்னான். மூச்சா, பேரா என்று பிரிக்க முடியாத அளவுக்கு மெதுவாகச் சொன்னான். எதிர்வீட்டு வாசலில் காலைத் தட்டிக்கொண்டிருந்தவன் தூக்கிய காலை இறக்காமல் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கும் காது மந்தம்," என்றாள் தெலிமா. கதவுச் சங்கிலியில் கை வைத்தபடி, அவன் இன்னொரு தடவை சொல்வதற்காக நின்றாள்.